மெத்தையும் மணியும் வெளியிட்ட முதல் ஆல்பம்

இசையின் வரலாற்றை இனிமேல் எழுதப்போகிறவர்கள் அதை இரண்டு பாகமாகப் பிரித்துக்கொள்வது நல்லது. எங்கள் ஆல்பம் வெளிவருவதற்கு முன் ஒன்று, வெளிவந்த பின் ஒன்று. முதல் பாகத்தில் மனிதர்கள் தங்களுக்குத் தோன்றியபோதெல்லாம் பாடிக்கொண்டிருந்தார்கள். தாலாட்டு ஒரு பக்கம், ராக் ஒரு பக்கம், ஜாஸ் ஒரு பக்கம் என்று இசை ஒரு நிர்வாகமே இல்லாமல் சிதறிக் கிடந்தது. இரண்டாம் பாகத்தில்தான் அதற்கு ஒரு துணைக்குழு அமைந்தது. அந்தத் துணைக்குழுவின் செயலாளர் என்ற முறையில், நடந்ததை நடந்தபடி சொல்லிவைப்பது என் கடமை.

நான் வேலை பார்ப்பது மெத்தை செய்யும் நிறுவனத்தில். மக்களைத் தூங்கவைப்பது எங்கள் தொழில். சாலைக்கு எதிர்ப்புறம் இருந்தது அலார மணி செய்யும் நிறுவனம். நாங்கள் தூங்கவைத்தவர்களை எழுப்பிவிடுவது அவர்கள் தொழில். இப்படி ஒருவர் பிழைப்பை மற்றவர் கெடுத்துக்கொண்டு இரண்டு நிறுவனங்களும் செழிப்பாகவே இருந்தன. அந்த நேரம் பார்த்து எங்கள் முதலாளியின் மகளுக்கும் அவர்கள் முதலாளியின் மகனுக்கும் காதல் வந்துவிட்டது. முதலாளிகள் சம்பந்திகள் ஆனார்கள். கல்யாணம் முடிந்த கையோடு நிறுவனங்களுக்கும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். இரண்டுக்கும் பொதுவாக ஒரு நிர்வாக இயக்குநரைத் தேடியபோது, அதிக தூரம் அலையாமல் மணமகனையே நியமித்தார்கள். அன்றுமுதல் எங்கள் எல்லோருக்கும் அவர் ‘மாப்பிள்ளை சார்’. அவர் அறைக்குள் நுழைந்தால் மாமனாரே எழுந்து நிற்பார். பிறகு நாங்கள் எப்படி உட்கார முடியும்?

முதலாளிகள் சேர்ந்துவிட்டார்கள். ஊழியர்கள்தான் சேரவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் மெத்தைக்காரர்கள் ஜன்னல் பக்கமும் மணிக்காரர்கள் கதவுப் பக்கமும் உட்கார்ந்துகொண்டு ஒருவரை ஒருவர் முறைத்தார்கள். ஒரே வேலைக்கு இரண்டிரண்டு பேர் இருக்கிறார்களே, இதில் யாரை வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று ஒரு வதந்தி உலவியது. நிர்வாகம் அந்த வதந்தியை வன்மையாக மறுத்தது. வாயே திறக்காமல் மறுத்தது.

இந்த நிலையில்தான் ‘ஒற்றுமை ஆலோசகர்’ வந்து சேர்ந்தார். கழுத்தில் பெரிய ஹெட்போன் மாட்டியிருந்தார். அது எதனோடும் இணைக்கப்பட்டிருக்கவில்லை. ஊழியர்களைக் கொண்டு ஒரு கலப்பிசைக் குழு தொடங்கி, முறையான ஸ்டுடியோவில் ஓர் ஆல்பம் பதிவுசெய்ய வேண்டும் என்பது அவர் யோசனை.

“ஜனங்களைச் சேர்க்கிறது கஷ்டம் சார்” என்றார் அவர். “இசையைச் சேர்த்துட்டா ஜனங்க சேர்ந்துட்ட மாதிரி ஒரு உணர்வு வந்துடும்.”

மாப்பிள்ளை சார் கண்ணை மூடி யோசித்தார். “உணர்வு போதும்” என்றார்.

குழுவுக்கு ‘இசைவு’ என்று பெயர் வைத்தோம். இசையும் இருக்கிறது, நிர்வாகம் சொல்வதற்கு இசைந்து போவதும் இருக்கிறது. இப்படி ஒரே சொல்லில் இரண்டு வேலை முடிந்ததைப் பார்த்து மாப்பிள்ளை சார் என்னை மெச்சினார். ஒரு சொல்லிடம் எதிர்பார்ப்பதை அவர் ஊழியர்களிடமும் எதிர்பார்த்தார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஆட்களைத் தேர்ந்தெடுத்த விதமும் விஞ்ஞானபூர்வமானது. முதலில் கிடைத்தவர் எங்கள் ஓரத்து அக்கா. மெத்தையின் நான்கு பக்கமும் நாடா வைத்துத் தைத்து மூடுகிற பிரிவுக்கு அவர் மேற்பார்வையாளர். ஓரத் தையல் விட்டுப்போனால் மெத்தைக்குள் இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும். அக்கா தைக்கும்போது பாடுவார். அவர் வரிசையில் இருக்கும் பெண்கள் பின்பாட்டு பாடுவார்கள். அவர் பாட்டை ஆலோசகர் நின்று கேட்டுவிட்டு, “தாலாட்டு” என்று தீர்ப்பளித்தார்.

“தாலாட்டு இல்ல சார்” என்றார் அக்கா. “மெஷின் ஒரே மாதிரி ஓடிக்கிட்டே இருந்தா கண்ணு சொக்கும். அசந்தா ஊசி விரல்ல ஏறிடும். தூக்கம் வராம இருக்கத்தான் பாடறது.”

ஆலோசகர் சற்றும் கலங்காமல், “மாற்றுத் தாலாட்டு” என்று திருத்திக்கொண்டார்.

மணிக்காரர்கள் தரப்பிலிருந்து வந்தவர் மணி பரிசோதகர். ஒவ்வொரு அலாரத்தையும் காதோரம் வைத்து அடித்துப் பார்த்து அனுப்புவது அவர் வேலை. அதனால் அவர் தலைக்குள் ஒரு மணி ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து வரும் ஓசையெல்லாம் அதனிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். அவரிடம் டிரம்ஸ் ஒப்படைக்கப்பட்டது. மெதுவாக அடிக்க அவருக்கு வராது என்பதால் அது ராக் என்று வகைப்படுத்தப்பட்டது.

மூன்றாமவர் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுப்பவர். ‘மன்னிப்பு’ என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். மெத்தையில் பள்ளம் விழுந்தாலும், மணி அடிக்காமல் போனாலும், “மன்னிக்கணும்சார் உங்கசிரமம்புரியுது மேலஎடுத்துட்டுப்போறோம்” என்று மூச்சுவிடாமல் சொல்லி முடிப்பார். எதிரில் இருப்பவருக்குக் கோபப்பட இடைவெளியே கிடைக்காது. இதுதான் ராப் என்று ஆலோசகர் அடையாளம் கண்டபோது மன்னிப்பு பயந்துபோய் ஆலோசகரிடமே மன்னிப்புக் கேட்டார்.

நான்காவதாக அடியேன். என்னை அலுவலகத்தில் ‘ஜால்ரா’ என்று அழைப்பவர்கள் நெடுநாளாக உண்டு. ஆலோசகர் அதைத் தகுதியாக எடுத்துக்கொண்டு என் கையில் தாளத்தைக் கொடுத்துவிட்டார்.

ஆல்பத்துக்கான முதல் கூட்டத்திலேயே ஒரு தத்துவச் சிக்கல் எழுந்தது. பாட்டைக் கேட்கிறவர் தூங்க வேண்டுமா, விழிக்க வேண்டுமா?

“பாட்டு முடியும்போது மனுஷன் அசந்து தூங்கியிருக்கணும்” என்றார் மெத்தை சம்பந்தி.

“தாராளமா தூங்கட்டும் சம்பந்தி. ஆனா பாட்டு முடிஞ்சது அவருக்குத் தெரியணும் இல்லையா? ஒரு மணி அடிச்சுட்டா மரியாதையா இருக்கும்” என்றார் மணி சம்பந்தி.

சம்பந்திகள் ஒருவரை ஒருவர் மறுத்துப் பேச முடியாது என்பதால் இரண்டு பேர் சொன்னதும் ஏற்கப்பட்டது. ஆல்பத்தில் ஒவ்வொரு பாட்டும் கேட்பவரைத் தூங்கவைக்கும். தூங்கியவுடன் மணி அடிக்கும். இதைத் தவிர, நிறுவனத்தின் ஆண்டறிக்கையை ஜாஸ் வடிவிலும், பாதுகாப்பு விதிகளை ராப் வடிவிலும் சேர்க்க முடிவாயிற்று.

ஸ்டுடியோவில் சுவர் முழுக்க நுரைப்பஞ்சு ஒட்டியிருந்தது. அக்கா உள்ளே போனதும் அதைத் தடவிப் பார்த்து, ஓரம் சரியாக அடிக்கவில்லை என்று சொன்னார். ஒலிப்பதிவாளர் சிரித்துவிட்டார். அவர் அதற்கு முன் சிரித்ததையும் பின் சிரித்ததையும் நான் பார்க்கவில்லை.

முதல் சில நாட்கள் எல்லாம் ஒழுங்காக நடந்தன. அதாவது ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாமல் அவரவர் வகையை அவரவர் பாடினார்கள். அதன்பிறகு ஒரு மதியம் ஓர் ஒழுங்கீனம் நடந்துவிட்டது. ஒலிப்பதிவாளர் ஏதோ கம்பியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஆலோசகர் தேநீருக்குப் போயிருந்தார். அக்கா சும்மா இருக்க முடியாமல் வேலை நேரத்துப் பாட்டை எடுத்தார். பரிசோதகருக்கு அது சரியாகக் கேட்கவில்லை. அக்காவின் உதட்டைப் பார்த்துக்கொண்டே விரலால் டிரம்ஸைத் தட்டினார். மெதுவாக அடிக்க அவருக்கு வந்தது. மன்னிப்பு எழுந்து நின்று, தொலைபேசியில் ஜனங்கள் தன்னிடம் சொல்லி அழுததையெல்லாம் ஒவ்வொன்றாக இடையில் சொல்ல ஆரம்பித்தார். முதுகுவலிக்காரர், தூக்கம் வராத விதவை, அலாரம் அடிக்காமல் வேலையைப் பறிகொடுத்தவர். ஒருவரிடமும் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அக்கா பாடியது இது:

ஓரம் தைக்கிறோம், ஓரம் தைக்கிறோம்,
ஊரு தூங்கவே ஓரம் தைக்கிறோம்.
ஓரம் தைக்கிற எங்களைப் பார்த்து
ஓரமாப் போன்னு சொல்லாதே ராசா.

பாட்டு முடிந்ததும் பரிசோதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் மதியச் சாப்பாட்டை மெத்தைக்காரர்களின் ஜன்னல் பக்கம் எடுத்துப்போய்ச் சாப்பிட ஆரம்பித்தார். அக்கா பாடிய நேரத்தில் நான் தாளம் தட்ட மறந்துவிட்டேன். இதற்காகப் பின்னர் நிர்வாகத்திடம் வருத்தம் தெரிவித்துக்கொண்டேன். ஒலிப்பதிவாளர் மட்டும், யாரும் சொல்லாமலே, எல்லாவற்றையும் பதிவுசெய்திருந்தார்.

மறுநாள் மாப்பிள்ளை சார் சம்பந்திகளோடு வந்து அந்தப் பதிவைக் கேட்டார். மெட்டு எல்லோருக்கும் பிடித்தது. ஆல்பத்தின் தலைப்புப் பாடலே இதுதான் என்று அங்கேயே அறிவித்தார். அவர் நல்ல மனநிலையில் இருப்பதைப் பார்த்து அக்கா முன்னால் வந்தார்.

“சார், எங்க பிரிவை மூடப்போறதா பேசிக்கறாங்க. கார் சீட்டு தைக்கிற கம்பெனியில இப்ப ஆள் எடுக்கறாங்களாம். என் வரிசையில இருக்கறவங்க போகலாமா வேண்டாமான்னு தினமும் என்னைக் கேக்கறாங்க. நான் என்ன சொல்லட்டும்?”

மாப்பிள்ளை சார் அவரை உட்காரச் சொல்லிவிட்டுத் தானும் எதிரில் உட்கார்ந்தார். அவ்வளவு எளிமை. “அக்கா, நீங்கதான் இந்த நிறுவனத்தோட குரல். குரலை யாராவது வெளிய அனுப்புவாங்களா? நான் சொன்னேன்னு போய்ச் சொல்லுங்க, யாரும் எங்கயும் போக வேண்டாம்.”

அக்கா போய்ச் சொன்னார். அக்கா சொன்னால் அந்த வரிசையில் மறுபேச்சு கிடையாது. ஒருவரும் கார் சீட்டுப் பக்கம் போகவில்லை. ஓர் ஆல்பம் வெளிவருவதற்கு முன்பே இவ்வளவு ஒற்றுமையை உண்டாக்கியது என்பது சாதாரண விஷயமா?

பாட்டில் ஒரே ஒரு குறை இருப்பதை ஆலோசகர் அடுத்த கூட்டத்தில் சுட்டிக்காட்டினார். நிறுவனத்தின் கொள்கைப்படி எதிர்மறைச் சொற்கள் கூடாது. ‘சொல்லாதே’ என்பது எதிர்மறை. துணைக்குழு கூடி, மாற்று வரி எழுதி அக்காவிடம் கொடுத்தது. அக்கா படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இது தன் வாயில் வராது என்று தாழ்மையாகத்தான் சொன்னார். ஆனால் திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது எனக்கு ஒரு யோசனை உதித்தது. புதிதாகப் பாடவைப்பானேன்? பாடியதிலேயே கொஞ்சம் குறைத்துக்கொண்டால் என்ன? ஒலிப்பதிவாளரிடம் கேட்டேன். முடியும் என்றார். முடியும் என்று சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சின்ன வெட்டு. ‘சொல்லாதே’யில் பின்பாதி போயிற்று. மிச்சம் நின்றது அக்காவின் சொந்தக் குரல்:

ஓரம் தைக்கிற எங்களைப் பார்த்து
ஓரமாப் போன்னு சொல் ராசா.

மாப்பிள்ளை சார் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். “இப்பதான் பாசிட்டிவா இருக்கு” என்றார். அந்த ஆண்டின் ‘சிறந்த செவி’ விருது எனக்குக் கிடைத்தது.

வெளியீட்டு விழாவை ஒரு பெரிய மண்டபத்தில் வைத்தோம். விருந்தினர்கள் எல்லோருக்கும் ஒரு தலையணையும் ஓர் அலார மணியும் கொடுக்கப்பட்டன. ஆலோசகர் அறிமுக உரையில், இனிமேல் இசையில் வகை என்றே ஒன்று கிடையாது என்று அறிவித்தார். மெத்தை சம்பந்தி ஆண்டறிக்கை ஜாஸின் நடுவிலேயே தூங்கிவிட்டார். மணி சம்பந்தி அதைத் தன் தோல்வியாக எடுத்துக்கொள்ளாமல் பெருந்தன்மையாக இருந்தார்.

கடைசியாகத் தலைப்புப் பாடலைப் போட்டார்கள். மேடையில் அக்கா புதுப் புடவையில், கணவரையும் தன் வரிசைப் பெண்களையும் முன் இருக்கையில் உட்காரவைத்துவிட்டு, கைகட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வரி வந்தது. அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டார். அடுத்த முறை வந்தபோது முன் இருக்கைப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேடையில் அவருக்குப் பக்கத்தில் நின்றவன் நான்.

“சார், ஏதோ எழுத்து விழுந்துடுச்சு போல” என்றார் அக்கா, மெதுவாக.

“ஒலிநயத்துக்காக அக்கா” என்றேன்.

“நான் அப்படிப் பாடலையே சார்.”

“குரல் உங்களோடதுதானே அக்கா.”

பரிசோதகருக்குக் கைதட்டல் மட்டும்தான் கேட்டிருக்கிறது. அவர் அக்காவைப் பார்த்துச் சந்தோஷமாகத் தலையாட்டினார். மன்னிப்புக்கு எல்லாம் கேட்டது. அவர் அக்காவிடம் வந்து, “மன்னிக்கணும் அக்கா” என்று ஒரு முறைதான் சொன்னார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

ஆல்பத்தால் உண்டான ஒற்றுமையின் அடுத்த கட்டமாக ‘பணிகளை ஒருங்கிணைத்தல்’ தொடங்கியது. மணிகளைக் கேட்டுப் பார்க்க ஒரு கருவி வந்துவிட்டது. அதற்குக் காது இல்லை, ஆகவே காது கெடவும் வாய்ப்பில்லை. பரிசோதகருக்குப் பொன்னாடை போர்த்தி அனுப்பிவைத்தோம். அனுப்பிவைக்கிறோம் என்பதை அவரிடம் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. புகார்ப் பிரிவு இருப்பதால்தான் புகார்கள் வருகின்றன என்ற உண்மையை மாப்பிள்ளை சார் கண்டுபிடித்ததால், அந்தப் பிரிவும் மன்னிப்பும் சேர்ந்தே போனார்கள்.

ஓரத் தையலை வெளியாட்களிடம் கொடுப்பதென்று முடிவானது. அந்தப் பிரிவை மூடுவதற்கு என்ன காரணம் காட்டுவது என்று மனிதவள அதிகாரி தயங்கினார்.

“அவங்களே பாடிக் கேட்டிருக்காங்களே” என்றார் மாப்பிள்ளை சார்.

ஊழியர்களின் விருப்பத்தை இவ்வளவு விரைவாக நிறைவேற்றிய நிர்வாகத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. அக்காவும் அவர் வரிசைப் பெண்களும் ஒரே நாளில் வெளியேறினார்கள். வாசல்வரை வந்து வழியனுப்பினேன். அந்தப் பெண்களில் யாரும் அக்காவைக் குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும் என்று முகத்தைப் பார்த்தபோது தோன்றியது. என்னை மட்டும் வேலையில் வைத்துக்கொண்டார்கள். தாளம் போடத் தெரிந்தவனுக்கு எந்த வகை இசையிலும் இடம் உண்டு.

இனி, ஆல்பத்தை மக்களிடம் கொண்டுசேர்க்க வேண்டும். கடைகளில் அதை எடுத்துப் பார்த்தவர்கள் மறுபடி அதே இடத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். மக்கள் தேடி வாங்கிக் கேட்பது பழைய முறை என்று மாப்பிள்ளை சார் சொன்னார். புகார்ப் பிரிவு மூடப்பட்டதால் எங்களை அழைப்பவர்கள் வெகுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பில் ஆல்பத்தைப் போட உத்தரவிட்டார். இப்போது யார் அழைத்தாலும், எதற்கு அழைத்தாலும், முதலில் அக்காதான் பாடுவார். தொலைபேசிகளைக் கவனிக்கும் கூடுதல் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. கவனிப்பது என்றால், அடிக்கிறதா என்று பார்த்துக்கொள்வது.

போன வாரம் ஓர் அழைப்பைத் தவறுதலாக எடுத்துவிட்டேன்.

“சார், ஓரம் தைக்கிற பிரிவுல இருந்தவ பேசறேன்” என்றது குரல். “ரொம்ப நேரமா இருக்கேன். திரும்பத் திரும்பப் பாட்டுதான் வருது.”

“எப்படி இருக்கு அக்கா?” என்று கேட்டேன். கலைஞரிடம் முதலில் கலையைப் பற்றி விசாரிப்பதுதான் பண்பாடு.

“தெளிவா கேக்குது சார்” என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார். கார் சீட்டுக் கம்பெனியில் இன்னும் சில இடங்கள்தான் மிச்சம் இருக்கின்றனவாம். எங்களிடம் வேலை பார்த்ததற்குச் சான்றிதழ் கேட்கிறார்களாம். தனக்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தன் வரிசைப் பெண்களுக்கு வேண்டும் என்றார். “நான் சொல்லித்தான் சார் அவங்க அப்பப் போகாம இருந்தாங்க.”

“அதுக்கு உங்க பிரிவு மேற்பார்வையாளர் சிபாரிசு பண்ணணும் அக்கா.”

“அது நான்தான் சார்.”

“நீங்க இப்ப வேலையில இல்லையே.”

“அதனாலதான் சார் சான்றிதழ் கேக்கறேன்.”

அவர் பேச்சில் நியாயம் இருப்பது எனக்குத் தெரிந்தது. நியாயம் தெரிந்துவிட்டால் மேலிடத்தில் கேட்பது என் வழக்கம். மாப்பிள்ளை சார் இரண்டாவது ஆல்பத்துக்கான கூட்டத்தில் இருந்தார். கதவைத் திறந்து தலையை நீட்டிச் சொன்னேன். “இருக்கச் சொல்லுங்க” என்றார்.

திரும்பி வந்து அக்காவிடம் அப்படியே சொன்னேன்.

“இருக்கேன் சார்” என்றார். “ஆனா அந்தப் பாட்டை மட்டும் போடாதீங்க.”

எங்கள் தொலைபேசியின் சிறப்பு அது. ஒருவரைக் காத்திருக்கவைத்தால் பாட்டு தானாக வந்துவிடும். அதை நிறுத்த ஒரே ஒரு வழி, அவருக்குப் பதில் சொல்வது. அந்த அதிகாரம் என்னிடம் இல்லை. பொத்தானை அழுத்திவிட்டு, தாளத்தை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன்.

எங்கள் ஆல்பத்தின் பெருமைக்கு வேறு சாட்சி தேவையில்லை. அக்காவின் குரல் இன்றுவரை எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது, அக்காவிடமிருந்து.